சிவப்புக் கோட்டைக் கழற்றாமல் இருந்திருந்தால் ஆந்த்ரே தப்பியிருப்பானா?

கடைசி வரிசை | ஜனவரி 12, இரவு 9.40

'தி ஸ்கார்லெட் கோட்' பார்த்து முடித்த கையோடு எழுதுகிறேன். 1955இல் ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்தது, சினிமாஸ்கோப். அமெரிக்கப் புரட்சிக் காலம், அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னல்ட் வெஸ்ட் பாயிண்ட் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்கப் பார்த்த கதை. என் கட்சி இதுதான்: அவரோடு பேரம் பேச வந்த ஆங்கிலேய அதிகாரி மேஜர் ஜான் ஆந்த்ரே தன் சிவப்பு ராணுவக் கோட்டைக் கழற்றாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான். மொத்த முடிச்சும் அந்தக் கோட்டில்தான். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

மாசிக்காய் | ஜனவரி 12, இரவு 10.25

மறுக்கிறேன், ஆனால் பாதிதான். தூக்குத் தண்டனைக்குக் கோட்டு ஒரு காரணம். பிடிபட்டதற்கு அது காரணமே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் உங்கள் பங்கு குறைவு, படத்தின் பங்கு அதிகம்.

நடந்ததை மணிக்கணக்கில் பார்க்கணும். 1780 செப்டம்பர் 21 இரவு. ஹட்சன் ஆற்றில் 'வல்ச்சர்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது, ஆந்த்ரே அதில் இருக்கிறார். கிளம்பும்போது தலைமைத் தளபதி கிளின்டன் அவருக்குச் சொன்னது மூன்றே மூன்று: எதிரியின் காவல் எல்லைக்குள் போகாதே, சீருடையை மாற்றாதே, காகிதம் எதையும் கையில் வாங்காதே. முப்பத்தாறு மணி நேரத்துக்குள் மூன்றும் போயிற்று. அதுவும் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு.

நள்ளிரவில் ஜோஷுவா ஹெட் ஸ்மித் என்பவர் ஒரு துடுப்புப் படகில் வந்து கூட்டிப்போகிறார். படகு வலித்தவர்கள் ககூன் சகோதரர்கள் இருவர், ஸ்மித்தின் நிலத்துக் குடியானவர்கள். சத்தம் வராமல் துடுப்பில் ஆட்டுத்தோல் சுற்றியிருந்தது. கூலி, ஆளுக்கு 50 ராத்தல் மாவு. ஹேவர்ஸ்ட்ராவுக்குக் கீழே லாங் க்ளோவ் மலையடிவாரத்தில் ஆர்னல்ட் காத்திருக்கிறார். பேச்சு விடியும்வரை இழுத்துவிட்டது. வெளிச்சம் வந்த பிறகு திரும்ப வலிக்க முடியாது என்று ககூன்கள் கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆந்த்ரே ஆர்னல்டோடு குதிரையில் ஸ்மித்தின் வீட்டுக்குப் போகிறார். வழியில் ஒரு காவலாள் அதட்டியபோதுதான் எதிரியின் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிகிறது. முதல் எச்சரிக்கை போயிற்று.

ஆக முடிச்சு மாவில் இருக்கிறது, கோட்டில் இல்லை. அந்த 50 ராத்தலை 100 ஆக்கியிருந்தால் ஒருவேளை வலித்திருப்பார்கள்.

மாசிக்காய் | ஜனவரி 12, இரவு 10.50

முந்தையதன் தொடர்ச்சி. அன்று காலை, செப்டம்பர் 22. எதிர்க்கரையில் டெல்லர்ஸ் முனை. அங்கே அமெரிக்கக் கர்னல் ஜேம்ஸ் லிவிங்ஸ்டனிடம் இருந்தது நான்கு ராத்தல் குண்டு சுடும் ஒரு சிறிய பீரங்கி. வல்ச்சர் நாள்கணக்கில் அங்கேயே நிற்பது அவருக்கு எரிச்சல். வெடிமருந்து வேண்டும் என்று வெஸ்ட் பாயிண்டுக்குக் கேட்டனுப்பினார். அங்கிருந்த கர்னல் லாம்ப், இந்தப் பிள்ளைப் பீரங்கியால் கப்பலைச் சுடுவது மருந்துக்குக் கேடு என்று முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் அனுப்பினார். விடியலில் லிவிங்ஸ்டன் சுட்டார், வல்ச்சர் அடி வாங்கி ஆற்றோடு கீழே நகர்ந்தது. ஸ்மித்தின் வீடு மேட்டில் இருந்ததால் ஆந்த்ரேவுக்கு இதெல்லாம் கண்ணெதிரே நடந்தது.

லிவிங்ஸ்டனுக்கு ஆர்னல்டின் சதி பற்றி எதுவும் தெரியாது. எந்த உளவாளியும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. படத்தில் ஒரு நாயகன் எல்லாவற்றையும் துப்பறிகிறான். நிஜத்தில் ஒரு எரிச்சல்பட்ட அதிகாரியும் கொஞ்சம் வெடிமருந்தும் அந்த வேலையைச் செய்தன.

கப்பலை நெருங்க முடியாமல் போனதால் தரைவழி என்று முடிவாயிற்று. தரைவழி என்றால் கிங்ஸ் ஃபெர்ரி துறையில் ஆற்றைக் கடக்கணும், அது அமெரிக்கப் படையின் துறை. அங்கே ஆங்கிலேயச் சீருடையோடு நின்றால் படகு ஏறுவதற்கு முன்பே பிடித்திருப்பார்கள். அதனால்தான் ஸ்மித்தின் கோட்டும் தொப்பியும். உங்கள் கட்சிப்படி அவர் சிவப்புக் கோட்டோடு போயிருந்தால் தப்பித்திருக்க மாட்டார், ஒரு நாள் முன்னதாகவே மாட்டியிருப்பார். ஆனால் போர்க்கைதியாக மாட்டியிருப்பார், உயிர் தப்பியிருக்க வாய்ப்புண்டு. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம்.

மூன்றாம் மணி | ஜனவரி 12, இரவு 11.05

கோட்டைக் கழற்றியவன் கோட்டையைக் கோட்டைவிட்டான் என்று சுருக்கமாக முடித்திருக்கலாமே அண்ணா.

மாசிக்காய் | ஜனவரி 12, இரவு 11.10

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று தெரியும்.

மாசிக்காய் | ஜனவரி 13, காலை 6.30

திருத்தம். நேற்று 'சிவப்புச் சீருடையோடு நின்றால்' என்ற தொனியில் எழுதிவிட்டேன். ஆந்த்ரே கரையிறங்கியபோது சீருடைக்கு மேல் நீல நிற நீண்ட மேலங்கி ஒன்று போட்டிருந்தார். இருட்டில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது நீலம்தான், சிவப்பு உள்ளே இருந்தது. ஸ்மித்தே இவரை ஜான் ஆண்டர்சன் என்ற வியாபாரி என்று நினைத்ததாகத்தான் பிறகு சொன்னார். வியாபாரி எதற்கு ராணுவக் கோட்டு போட்டிருக்கிறான் என்று கேட்டதற்கு, வெறும் பகட்டு என்று ஆர்னல்ட் சமாளித்தாராம்.

கடைசி வரிசை | ஜனவரி 13, காலை 8.15

சரி சார், கோட்டு பிடித்துக் கொடுக்கவில்லை என்றால் எது பிடித்துக் கொடுத்தது?

மாசிக்காய் | ஜனவரி 13, மதியம் 1.40

வேறொரு கோட்டு! சிவப்பு இல்லை, பச்சை.

செப்டம்பர் 23 காலை. க்ரோட்டன் ஆற்றின் பைன்ஸ் பாலத்துக்கு அருகே ஸ்மித் திரும்பிப் போய்விட்டார். இனி ஆந்த்ரே தனியாள். அந்த வெஸ்ட்செஸ்டர் பகுதி யாருக்கும் சொந்தமில்லாத நடுநிலம். ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த கொள்ளைக்காரர்களுக்குக் கௌபாய் என்று பெயர், எதிர்ப்பக்கத்தவர்களுக்கு ஸ்கின்னர். முந்தைய இரவு இவர்களை நிறுத்தி விசாரித்த கேப்டன் பாய்ட், டாரிடவுன் சாலையில் கௌபாய்கள் திரிகிறார்கள் என்று எச்சரித்திருந்தார். ஸ்மித்துக்கு அது ஆபத்து. ஆந்த்ரேவுக்கோ அவர்கள் நம்மாட்கள். அதனால் தனியானதும் அந்தச் சாலையையே பிடித்தார். கணக்கு தப்பில்லை.

டாரிடவுனில் மூன்று பேர் வழிமறித்தார்கள்: ஜான் பால்டிங், ஐசக் வான் வார்ட், டேவிட் வில்லியம்ஸ். பால்டிங் சில நாள் முன்புதான் நியூயார்க்கில் ஆங்கிலேயர் சிறையிலிருந்து தப்பி வந்தவர். தப்பும்போது மாட்டிக்கொண்டு வந்த கோட்டு ஹெசியன் யேகர் படையினருடையது, பச்சைத் துணியில் சிவப்பு மடிப்பு. அதாவது ஆங்கிலேயருக்காகச் சண்டை போட்ட ஜெர்மன் கூலிப்படையின் உடுப்பு. ஆந்த்ரே அதைப் பார்த்ததும், நீங்கள் நம்ம கட்சிதானே என்று கேட்டார். எந்தக் கட்சி என்றார்கள். கீழ்க் கட்சி என்றார், அதாவது தெற்கே நியூயார்க்கில் இருந்த ஆங்கிலேயர். ஆமாம் என்றதும், தான் ஒரு ஆங்கிலேய அதிகாரி, அவசர வேலை, நிறுத்தாதீர்கள் என்று கொட்டிவிட்டார். தாங்கள் அமெரிக்கர்கள் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஆர்னல்டின் அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

அந்தச் சீட்டு அசல். செப்டம்பர் 22 தேதியிட்டு ஆர்னல்டே எழுதியது: ஜான் ஆண்டர்சனை வொயிட் ப்ளெய்ன்ஸுக்கோ அதற்குக் கீழேயோ போக விடவும், என் உத்தரவின்படி பொதுக் காரியமாகப் போகிறார் என்ற பொருளில். சீட்டை முதலிலேயே காட்டியிருந்தால் விட்டிருப்பேன் என்று பால்டிங்கே பிறகு சாட்சி சொன்னார். வாயைத் திறப்பதற்கு முன் பையில் கையை விட்டிருந்தால் போதும். மூவரில் சரளமாகப் படிக்கத் தெரிந்தவரும் பால்டிங்தான். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். காலுறைக்குள், பாதத்தை ஒட்டி, காகிதங்கள். அவர் படித்துப் பார்த்து, இவன் ஒற்றன் என்றார்.

படத்துக்கு 'பச்சைக் கோட்டு' என்று பெயர் வைத்திருக்கணும். போஸ்டருக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் மணி | ஜனவரி 13, மாலை 4.00

ஒரு இலக்கணச் சந்தேகம். ஆர்னல்ட் வந்தார், போனார் என்கிறீர்கள். துரோகிக்கு எதற்கு 'ஆர்' விகுதி?

மாசிக்காய் | ஜனவரி 13, மாலை 4.20

பெயரிலேயே 'ஆர்' இருக்கிறது, நான் என்ன செய்ய.

கடைசி வரிசை | ஜனவரி 14, இரவு 8.30

படத்தில் குஸ்தாவஸ் என்ற மறைபெயரோடு வரும் கடிதங்கள் பற்றிச் சொல்லுங்கள் சார். அந்தச் சங்கேத முறை நிஜமா? எண்களை வைத்து எப்படி எழுதுவார்கள்?

மாசிக்காய் | ஜனவரி 14, இரவு 11.30

குஸ்தாவஸ் நிஜம். ஆர்னல்ட் வைத்துக்கொண்ட பெயர்தான் அது. அதற்கு முன்னால் 'மங்க்' என்றும் ஒரு பெயர் உண்டு, 1660இல் பக்கம் மாறி மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவந்த ஆங்கிலேயத் தளபதியின் பெயர். துரோகம் செய்யும்போதும் மனிதருக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம்.

தொடக்கம் 1779 மே. ஃபிலடெல்ஃபியாவில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்த ஜோசஃப் ஸ்டான்ஸ்பரி ஆர்னல்டின் தூதராக நியூயார்க் போய் ஆந்த்ரேவைப் பார்த்தார். முறையை வகுத்தவர் ஆந்த்ரே: இரு பக்கமும் ஒரே புத்தகம், ஒரே பதிப்பு. மூன்று எண் சேர்ந்தால் ஒரு சொல். முதல் எண் பக்கம், இரண்டாவது வரி, மூன்றாவது அந்த வரியில் எத்தனையாவது சொல். 120.9.14 என்றால் 120ஆம் பக்கம், 9ஆம் வரி, 14ஆம் சொல். தேர்ந்தெடுத்த புத்தகம் பிளாக்ஸ்டனின் ஆங்கிலச் சட்ட விளக்க நூல்.

சொல்லும்போது சுலபம். உட்கார்ந்து எழுதினால்தான் தலைவலி தெரியும். 100 சொல் கடிதத்துக்கு 300 எண். ஒவ்வொரு சொல்லுக்கும் புத்தகத்தைப் புரட்டித் தேடணும். பெறுகிறவருக்கு வேலை எளிது, எழுதுகிறவருக்குத்தான் பாடு. சட்டப் புத்தகத்தில் சொத்து, வாரிசு, மன்னர் எல்லாம் கொட்டிக் கிடக்கும். பீரங்கியும் படகுத்துறையும் ஊர்ப்பெயரும் கிடைக்காது. கிடைக்காததை எழுத்துக்கூட்டணும், ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று எண். ஆங்கிலத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு 12 எழுத்து, ஆக 36 எண். எது சொல், எது எழுத்து என்று பிரித்துக் காட்ட ஒரு அடையாளக் கோடு வேறு.

தவறு எங்கே வரும் என்றால் எண்ணுவதில். பக்கத்தின் தலைப்பு வரியை முதல் வரியாக எண்ணுவதா? அடிக்குறிப்பு கணக்கில் உண்டா? வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும் சொல் எந்த வரியைச் சேர்ந்தது? இதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் ஒரு சொல் தள்ளிப் படித்து 'படை' என்பது 'பசு' ஆகிவிடும்.

அதனால் அகராதிக்கு மாறினார்கள், பெய்லியின் அகராதி. எல்லாச் சொல்லும் அகர வரிசையில் இருப்பதால் தேடும் நேரம் மிச்சம். ஆனால் அகராதிக்கே உள்ள ஓட்டை ஒன்று உண்டு. எண் சிறியதாக இருந்தால் அகர வரிசையில் முன்னால் வரும் சொல், பெரியதாக இருந்தால் கடைசியில் வரும் சொல். நிறையக் கடிதம் பிடிபட்டால் இதை வைத்தே சொல்லை நெருங்கிவிடலாம். அகராதிப் பக்கம் நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால் பத்தியைக் குறிக்கும் எண்ணும் இரண்டே மதிப்புக்குள் ஆடும், பார்த்தவுடன் அகராதி என்று தெரிந்துவிடும். எல்லா எண்ணோடும் ஒரு மாறாத எண்ணைக் கூட்டினாலும் வரிசை மாறாது, அதனால் ஓட்டை அடைபடாது.

மூன்றாம் மணி | ஜனவரி 15, காலை 7.10

நமக்குத்தான் ரெடிமேடாகத் திருக்குறள் இருக்கிறதே. பக்கம், பதிப்பு எந்த வம்பும் இல்லை. குறள் எண், சீர் எண், இரண்டே எண்ணில் முடிந்தது.

மாசிக்காய் | ஜனவரி 15, காலை 9.00

இரண்டு எண்ணாகக் குறைவது உண்மை, பதிப்புத் தொல்லை இல்லாததும் உண்மை. ஆனால் எல்லார் வீட்டிலும் இருக்கும் புத்தகத்தைத்தான் எதிரி முதலில் எடுத்துப் பார்ப்பான். முதல் எண் 1330ஐத் தாண்டாது, இரண்டாவது 7ஐத் தாண்டாது, பள்ளிக்கூடப் பையன் கண்டுபிடிப்பான். சொற்பஞ்சமும் அதேதான். 'தமிழ்' என்ற சொல்லே குறளில் இல்லை, பீரங்கிக்கு எங்கே போக?

ஒன்று சேர்க்க விட்டுப்போயிற்று. ஆர்னல்டின் கடிதங்கள் எல்லாமே எண்ணில் இல்லை. சிலவற்றில் வியாபாரக் கடிதம் போலவே எழுதினார்: சரக்கு, சந்தை, கூட்டாளி, ரொக்கம். சரக்கு என்றால் வெஸ்ட் பாயிண்ட். வழியில் யார் பிரித்தாலும் இரண்டு வியாபாரிகள் விலை பேசுகிறார்கள் என்றுதான் படும். எண்ணால் நிரம்பிய தாளைப் பார்த்ததுமே சந்தேகம் வரும், இதைப் பார்த்தால் வராது. என் கணக்கில் எண் முறையைவிட இதுதான் கெட்டி.

மாசிக்காய் | ஜனவரி 16, இரவு 10.10

மறைமை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மை பற்றித் தனிமடலில் இரண்டு பேர் கேட்டதால் இங்கேயே போடுகிறேன்.

ஆந்த்ரேவின் ஏற்பாட்டில் தாளின் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். நெருப்பைக் குறிக்கும் எழுத்து இருந்தால் சூடு காட்டு, அமிலத்தைக் குறிக்கும் எழுத்து இருந்தால் ரசாயனம் தடவு. வெளிப்பார்வைக்குச் சாதாரணக் கடிதம், ரகசியம் வரிகளுக்கு இடையில். ஆர்னல்டின் மனைவி பெக்கி ஷிப்பனின் தோழி எழுதும் நாகரிகக் கடிதங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்பது ஆந்த்ரேவின் யோசனை. அந்தத் தோழிக்கு வரியிடை எழுத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே!

சூட்டு வகை: எலுமிச்சைச் சாறு, பால். தாளின் நாரைவிட முன்னதாக அது கருகும், அதுதான் சூட்சுமம். சாற்றில் தண்ணீர் கலக்காமல், துணியில் வடிகட்டி, தீக்குச்சியின் பின்முனையால் தடிமனான, வழவழப்பில்லாத தாளில் எழுதணும். நன்றாகக் காய்ந்த பிறகு இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் சில நொடி ஒத்தினால் பழுப்பாகத் தெரியும். கெடுவது இரண்டு இடத்தில். அழுத்தி எழுதினால் கீறல் விழும், தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் சூடே தேவையில்லை. ஈரம் பட்டால் எழுத்து பரவிவிடும். இரண்டாவது அவர்களுக்கே நடந்தது. கடிதங்களைப் பிரித்து எழுதிக் கொடுத்தவர் ஜொனதன் ஓடல், படத்தில் ஜார்ஜ் சாண்டர்ஸ் செய்த பாத்திரம். 1779இல் வந்த ஒரு கடிதம் வழியில் நனைந்து, நெருப்பில் காட்டியபோது மொத்தமும் ஒரே கறையாகிவிட்டது என்று ஆந்த்ரேவுக்கு வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். துரோகத்தின் ஒரு தவணை ஈரத்தில் போயிற்று.

ரசாயன வகை இதைவிட உயர்ந்தது. அமெரிக்கத் தரப்பில் கல்ப்பர் ஒற்றர் குழு பயன்படுத்தியது அதுதான், தயாரித்துக் கொடுத்தவர் மருத்துவர் ஜேம்ஸ் ஜே. இரண்டு திரவம்: ஒன்று எழுத, மற்றது வெளிக்கொணர. சூடு காட்டினால் வராது. ஜே தன் கலவையைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு திரவ மைக்கு நம் நாட்டு மருந்துக் கடையிலேயே சாமான் இருக்கிறது: கடுக்காய் அல்லது மாசிக்காய், கூடவே அன்னபேதி (இரும்புச் சல்பேட்). பழைய கறுப்பு மையைப் பிரித்து வைத்தது போல.

இரண்டு கடுக்காயை உடைத்து, கொட்டையை எடுத்துவிட்டு, தோட்டை 100 மில்லி தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டணும். நிறம் மஞ்சளாக இருக்கும், தாளில் தெரியாத அளவுக்கு நீர்க்கணும். எழுதிக் காய்ந்த பிறகு, ஒரு தேக்கரண்டி அன்னபேதியை 100 மில்லியில் கரைத்துப் பஞ்சால் ஒற்றினால் எழுத்து கருநீலமாக எழும்பும். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். அன்னபேதி இளம்பச்சையாக இருக்கணும். பழசாகித் துரு நிறம் ஏறியிருந்தால் தாள் முழுக்கக் காவிக் கறை. இரண்டுக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். இரும்பு கலந்த தண்ணீரில் கடுக்காய் ஊறும்போதே கறுத்துவிடும், பிறகு எங்கே மறைமை? பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் சரியாக வரும்.

மை நன்றாக இருந்தும் வெற்றுத் தாளை அனுப்பினால் மாட்டிக்கொள்வான். வாஷிங்டனே இதைப் பற்றித் தன் ஆட்களுக்கு எழுதியிருக்கிறார்: சிறு நூல்கள், பஞ்சாங்கம் போன்றவற்றின் வெற்றுப் பக்கங்களில் எழுது, இல்லையென்றால் குடும்பக் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் எழுது என்று.

கடைசி வரிசை | ஜனவரி 17, காலை 7.45

கடுக்காய்க் கடை முகவரி கேட்டு மனைவி முறைக்கிறாள். அது இருக்கட்டும், படத்தின் நாயகன் போல்டன் யார்?

மாசிக்காய் | ஜனவரி 17, மதியம் 12.20

கற்பனை. கார்னெல் வைல்ட் நடித்த மேஜர் ஜான் போல்டன் என்று யாரும் இல்லை. ஆனால் கல்ப்பர் குழுவை நடத்திய பெஞ்சமின் டால்மட்ஜ் வைத்துக்கொண்ட மறைபெயர் ஜான் போல்டன். பெயர் அங்கிருந்து வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கல்ப்பர் சங்கேதப் பட்டியலில் அவருடைய எண் 721, வாஷிங்டனுக்கு 711.

படையை விட்டு ஓடியவன் போல நடித்து எதிரி முகாமுக்குள் போனவர் நிஜத்திலும் ஒருவர் உண்டு, சார்ஜன்ட் மேஜர் ஜான் சாம்ப். ஆனால் அது ஆந்த்ரேவைத் தூக்கிலிட்ட பிறகு, 1780 அக்டோபரில். வேலை ஆர்னல்டைக் கடத்திக்கொண்டு வருவது. குறித்த நேரத்துக்கு முன் ஆர்னல்டின் படையைக் கப்பலேற்றி வர்ஜீனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், படையில் சேர்ந்திருந்த சாம்பும் கூடவே போகவேண்டியதாயிற்று. இதைத்தான் படமாக எடுத்திருக்கணும்.

ஓடல் நிஜ ஆள், பாதிரியார், மருத்துவர், கவிஞர், மூன்றும். ஜான் மெக்இன்டயர் செய்த ராபர்ட் ஹோவும் நிஜம். ஆர்னல்டுக்கு முன் வெஸ்ட் பாயிண்ட் அவர் பொறுப்பில்தான் இருந்தது. குஸ்தாவஸ் யார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்த அமெரிக்க ஒற்றன் மட்டும் யாரும் கிடையாது.

மாசிக்காய் | ஜனவரி 18, இரவு 9.15

பிடித்த பிறகு நடந்த குளறுபடியைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மூவரும் ஆந்த்ரேவை நார்த் காஸிலில் லெஃப்டினன்ட் கர்னல் ஜேம்சனிடம் ஒப்படைத்தார்கள். அவருக்குக் குழப்பம். காகிதங்களைப் பார்த்தால் ஆபத்து, சீட்டைப் பார்த்தால் மேலதிகாரியின் கையெழுத்து. விதிப்படி நடந்தார்: காகிதங்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார், கைதியையும் ஒரு கடிதத்தையும் ஆர்னல்டுக்கே அனுப்பினார்! அன்று மாலை வந்து சேர்ந்த டால்மட்ஜ் வாதாடிக் கைதியைத் திருப்பி வரவழைத்தார். கடிதத்தை மட்டும் ஜேம்சன் நிறுத்தவில்லை.

அதன் பிறகு இரண்டு குதிரைக்காரர்களுக்கு இடையில் ஓட்டப் பந்தயம். வாஷிங்டன் ஹார்ட்ஃபோர்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார், போன வழியை விட்டு வேறு வழியில். காகிதங்களோடு போனவர் பழைய வழியில் தேடி அலைந்தார். செப்டம்பர் 25 காலை ஆர்னல்ட் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது ஜேம்சனின் கடிதம் கைக்கு வந்தது. வாஷிங்டன் அதே வீட்டுக்கு அன்று காலையில்தான் வருவதாக இருந்தது. ஆர்னல்ட் மாடியேறி பெக்கியிடம் பேசிவிட்டுத் துறைக்கு ஓடித் தன் படகில் ஏறினார். வேகமாக வலித்தால் இரண்டு காலன் ரம் என்றார். வலித்தார்கள், வல்ச்சர்வரை. ஏறியதும் அந்தப் படகோட்டிகளையே போர்க்கைதிகளாகப் பிடித்துக் கொடுத்தார்.

மூன்றாம் மணி | ஜனவரி 18, இரவு 9.50

ஒரு படகில் மாவு, இன்னொரு படகில் ரம். கூலி ஒழுங்காக வந்ததா?

மாசிக்காய் | ஜனவரி 18, இரவு 10.05

ஆர்னல்டின் கூலி வந்தது. கோட்டை கைமாறினால் 20,000 பவுன், திட்டம் தோற்றாலும் 10,000 என்று கேட்டிருந்தார். தோற்றதற்குக் கொடுத்தது 6,000.

மாசிக்காய் | ஜனவரி 19, காலை 6.40

செலவுக் கணக்கு 315 பவுன் தனி, நேற்று விட்டுவிட்டேன். பிரிகேடியர் ஜெனரல் பதவியும் கிடைத்தது.

கடைசி வரிசை | ஜனவரி 19, இரவு 8.00

விசாரணையில் கோட்டு வந்ததா இல்லையா? என் கட்சிக்கு ஒரு வரியாவது மிச்சம் வையுங்கள் சார்.

மாசிக்காய் | ஜனவரி 19, இரவு 10.45

வந்தது. செப்டம்பர் 29, டாப்பன். நதானியல் க்ரீன் தலைமையில் 14 ஜெனரல்கள், அவர்களில் ராபர்ட் ஹோவும் ஒருவர். சமாதானக் கொடியின் பாதுகாப்பில் வந்தாயா என்று கேட்டார்கள். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்திருக்கும். ஆர்னல்டும் கிளின்டனும் அதைத்தான் வாதிட்டார்கள். ஆந்த்ரே இல்லை என்றார். முடிவில் எழுதிய காரணங்கள்: இரவில் ரகசியமாகக் கரையிறங்கினார், எல்லைக்குள் உடை மாற்றினார், பொய்ப் பெயரில் மாறுவேடத்தில் துறைகளைக் கடந்தார், காகிதங்களோடு பிடிபட்டார். உடைக்கு அதில் கனமான இடம் உண்டு. அதனால்தான் முதல் பதிவிலேயே பாதி மறுப்பு என்றேன்.

அக்டோபர் 2 மதியம் தூக்கு. ராணுவ முறைப்படி சுட்டுக் கொல்லுங்கள் என்று கேட்டிருந்தார், மறுத்துவிட்டார்கள். கயிற்றைத் தானே கழுத்தில் சரிசெய்து, கண்ணையும் தன் கைக்குட்டையால் தானே கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் உடுத்தியிருந்தது சிவப்புச் சீருடை, வேலைக்காரர் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. படத்தின் பெயருக்கு நியாயம் அங்கேதான்.

கடைசி வரிசை | ஜனவரி 20, காலை 7.30

கோட்டை விடுகிறேன். காகிதத்தையாவது தவிர்த்திருக்க முடியாதா?

மாசிக்காய் | ஜனவரி 20, காலை 10.00

ஆறு காகிதம். வெஸ்ட் பாயிண்டில் எத்தனை பேர், 3,086. காவல் அரண்களுக்கு எத்தனை பேர் வேண்டும். எந்தச் சுவர் எப்படி இருக்கிறது. புட்னம் கோட்டையின் கிழக்குச் சுவர் இடிந்திருக்கிறது என்பது அதில்தான். பீரங்கிக் கணக்கு, பீரங்கிப் படைக்கான உத்தரவு, வாஷிங்டனின் போர் ஆலோசனைக் குறிப்பு. ஆந்த்ரே ஓவியம் வரைகிறவர், பார்த்ததை மனதில் நிறுத்தும் ஆள். பீரங்கிக் கணக்கைத் தவிர மற்றதை ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்திருக்கலாம். ஸ்மித்தின் வீட்டில் அன்று பகல் முழுக்கச் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

காலுறைக்குள் வைக்கச் சொன்னவர் ஆர்னல்ட். வழிப்பறிக்காரன் பணத்துக்காக முதலில் கைவைக்கும் இடமே பூட்ஸ்தான். அந்த மூவரும் நாட்டுப்பற்றால் தேடினார்களா, காசுக்குத் தேடினார்களா என்ற சண்டை பிறகு வெகுகாலம் நடந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் சபை மூவருக்கும் வெள்ளிப் பதக்கமும் ஆண்டுக்கு 200 டாலரும் கொடுத்தது. 1817இல் பால்டிங் அதைக் கூட்டிக் கேட்டபோது சபையில் எழுந்து எதிர்த்துப் பேசியவர் டால்மட்ஜ். அவர்கள் பூட்ஸைக் கழற்றியது கொள்ளைக்குத்தான் என்றார்.

மூன்றாம் மணி | ஜனவரி 20, காலை 10.20

கூட்டிக் கொடுத்தார்களா?

மாசிக்காய் | ஜனவரி 20, காலை 10.25

இல்லை.